ஒரட்டாங்கை ஊர்ப் படம்

இப்போது அதற்கு ஆவணப்படம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பயிற்சி முகாம், திரையிடல், உதவித்தொகை என்று என்னென்னவோ நடக்கிறதாம். நல்லது, நடக்கட்டும். என் அண்ணன் அந்த மாதிரிப் படம் எடுத்த காலத்தில் எங்களூரில் அதற்குப் பெயரே கிடையாது. "கதை இருக்குதா?" என்று கேட்பார்கள். இல்லை. "பாட்டு?" இல்லை. "சண்டையாவது இருக்குதா?" அதுவும் இல்லை. "அப்பறம் என்ன எழவுக்கு எடுத்தே?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்தப் படத்தால்தான் என் கல்யாணம் நடந்தது. அதே படத்தால் நின்றுபோகவும் பார்த்தது. இதைச் சொல்லாமல் போனால் என் கட்டை வேகாது.

எனக்கு ஒரட்டாங்கைப் பழக்கம். இடது கையைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். வலது கை சோத்தாங்கை. பெயரிலேயே தெரியவில்லையா, சோறு தின்கிற யோக்கியதை எந்தக் கைக்கு என்று? அம்மா என் இடது கையைத் துணியால் கட்டிப் பார்த்தாள், சூடு போடுவேன் என்றாள், காவல் தெய்வத்துக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். சேவல் போனதுதான் மிச்சம். அடிக்குப் பயந்து சாப்பிட மட்டும் சோத்தாங்கையைப் பழகிக்கொண்டேன். மற்றபடி கோலம் போடுவது, கதிர் அறுப்பது, கரண்டி பிடிப்பது எல்லாம் ஒரட்டாங்கைதான்.

இதனால் இரண்டு சம்பந்தம் முறிந்தது. முதல் தடவை வந்தவர்களுக்கு மறதியாக இடது கையால் தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டேன். சொம்பை வாங்காமலே எழுந்து போனார்கள். இரண்டாவது தடவை அம்மா என்னைச் சொம்புப் பக்கமே விடவில்லை. ஆனால் ஊரில் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "தாலி ஏறற வரைக்கும் அந்தக் கை முந்தானைக்குள்ளயே கெடக்கோணும். வெளியில வந்துது, வெட்டிப் போட்டுருவேன்."

மூன்றாவதாக மல்லசமுத்திரத்துச் சம்பந்தம் வந்தது. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டும். வெட்கம் என்ன வெட்கம், இந்த வயதில்? மாப்பிள்ளையை நான் முன்பே புதுச்சத்திரத்தில் ஒரு தரம் பார்த்திருந்தேன். சாலையோரம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்; பின்னால் நின்ற காளை ஒன்று அவர் தோள்துண்டைத் தின்றுகொண்டிருந்தது. பாதித் துண்டு போன பிறகுதான் திரும்பினார். காளையை அடிக்கவில்லை. "மிச்சத்தையும் நீயே தின்னுக்கோ, பாதித் துண்டை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்துவிட்டது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் வீட்டில் முடிவெடுப்பது அவர் அம்மா. புருஷன் போன பிறகு கடலைக் காட்டையும் கடலை வியாபாரத்தையும் ஒற்றை ஆளாக நடத்தியவர். அவர் முன்னால் வண்டிமாடுகூட வாலை ஆட்டாது என்பார்கள். தரகர் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொன்னபோது, பெண்ணின் அண்ணன் சினிமாப் படம் எடுக்கிறான் என்பதையும் வாய் கொழுப்பெடுத்துச் சொல்லிவைத்துவிட்டார். "சினிமாக்காரன் ஊட்டுப் பொண்ணா?" என்று அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாராம். பிறகு யோசித்து, "மொதல்ல அந்தப் படத்தப் பாக்கறேன். யோக்கியமான படமா இருந்தாப் பொண்ணப் பத்திப் பேசலாம்" என்றாராம்.

இங்கே அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஆட்டையாம்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். சேலத்தில் படம் எடுக்கும் கொட்டகை வந்த புதிது அது. அங்கே வேலை பார்த்த கேமராக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேருக்கு வகுப்பு எடுத்தார். சோடாக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் வகுப்பறை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கேமரா. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல முறுக்கிவிட்டால் ஓடும். ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்துக்கொண்டார்கள். எடுத்ததைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வரவழைத்து, ஒருவர் படத்தை மற்றவர்கள் பார்த்துக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். அண்ணன் திங்கட்கிழமை தொங்கிய முகத்தோடு பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகளுக்கு அன்று பூசை நிச்சயம்.

கேமராக்காரர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "உள்ளதை உள்ளபடி எடு. யாரையாவது நடிக்கவெச்சா அது எங்க கொட்டகைப் படம் ஆயிரும். அதுக்குத்தான் நாங்க சம்பளம் வாங்கறோமே." அண்ணன் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

படச்சுருளுக்கு உதவி கேட்டு ஐந்து பேரும் பெரிய மனிதர்களுக்குக் கடுதாசி எழுதினார்கள். எல்லோரும் ஆசி கொடுத்தார்கள். சுருள் ஒருவரும் கொடுக்கவில்லை.

அண்ணன் எடுக்க நினைத்தது எங்கள் தோட்டத்தில் ஒரு நாள். விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை என்ன வேலை நடக்கிறதோ அது. முதல் நாள் கேமராவோடு வந்து நின்றான். ஊரே கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி வந்துவிட்டது! களை வெட்டுகிறவள் பட்டுச்சேலையில் வந்தாள். ஏர் ஓட்டுகிறவர் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் போட்டோ. அசைந்தால் போட்டோ கலங்கிவிடும் என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் வரிசையாக நின்றார்கள். "அசையுங்க, அசையுங்க!" என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான். ஒருத்தர் அசைய வேண்டுமே! சுருள் ஓடி முடியும் மட்டும், நாலு நிமிஷம், மூச்சை அடக்கி நின்றார்கள். கோட்டுப் போட்டவர் வெயில் தாங்காமல் நின்ற வாக்கில் சாய்ந்தார். அந்தச் சுருளில் அசைந்தது அது ஒன்றுதான்.

அடுத்த முறை அண்ணன் புத்திசாலியாகிவிட்டான். "பொட்டியில பிலிம் இல்லீங்க, சும்மா பழகறேன்" என்று சொல்லிக்கொண்டு பத்து நாள் தோட்டத்திலேயே சுற்றினான். முதல் இரண்டு நாள் பார்த்தார்கள். அப்புறம் யார் கண்டுகொள்கிறார்கள்? அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள். அவன் எடுத்துக்கொண்டே இருந்தான். படம் எடுத்து முடிந்து பம்பாய்க்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. இந்த நிலைமையில்தான் அந்த அம்மாள் படத்தைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் சாவகாசமாக வந்து சொல்கிறான்: "அம்மிணி, நீயும் படத்துல இருக்கறே. கதிர் அறுக்கறே, கோலம் போடறே. எல்லாத்துக்கும் களிக்குக் கொழம்பு ஊத்திக் குடுக்கறே. அருமையா வந்திருக்குது."

"எந்தக் கையில?"

அவன் மென்று விழுங்கினான். "அடப்பாவி! அந்த எடத்த வெட்டி எறி" என்றேன்.

"அதுதான் படத்துலயே நல்ல எடம். வெட்ட மாட்டேன். உள்ளதை உள்ளபடி..."

"உன்ற உள்ளதைக் கொண்டுபோய் ஒடப்புல போடு! என்ற பொழப்பு போகுது இங்க!"

முறத்தை எடுத்து வீசினேன். இடது கையால்தான் வீசினேன், அதனால் குறி தப்பவில்லை. நெற்றியில் புடைத்துக்கொண்டது. அப்போதும் வெட்ட மாட்டேன் என்றான். அம்மாவிடம் இதை இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் கேமரா கிணற்றுக்குள் போயிருக்கும்.

மறுநாள் மத்தியானம் எங்களூர்க் கடலை வியாபாரியின் கிடங்கில் படம். ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். கடலை உடைக்கிற மிஷினை ஓட்டும் எண்ணெய் எஞ்சினில் டைனமோவை மாட்டி விளக்குக்கு வழி செய்திருந்தான் அண்ணன். கிடங்கின் நட்டநடுவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டார்கள். நனைந்த துணியில் படம் இரண்டு பக்கமும் தெரியும். ஆம்பளைகள் படம் காட்டுகிற மிஷின் இருக்கிற பக்கம், பொம்பளைகள் துணிக்கு அந்தப் பக்கம். அந்தக் காலத்தில் அதுதான் மரியாதை. அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. கோயிலில் நிற்பது மாதிரி தானாகவே பிரிந்து உட்கார்ந்தோம்.

மல்லசமுத்திரத்து அம்மாள் எங்கள் பக்கம் வந்து நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் என் அம்மா, மறுபக்கம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நான் பின்வரிசையில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுத்து வந்தது. எனக்கு நாலெழுத்து படிக்கத் தெரியும். ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் புறமுதுகு காட்டி நின்றன. "தெலுங்காட்ட இருக்குதுங்க" என்றாள் ஒருத்தி. பிறகு தோட்டம் வந்தது. பெரியம்மா வரப்பில் உட்கார்ந்து களி உருண்டையைக் குழம்பில் தொட்டுத் தின்கிறார். இடது கையால்!

"அய்யோ சாமி!" என்று பெரியம்மா அலறினார். "நான் எப்பங்க ஒரட்டாங்கையில தின்னேன்?"

அடுத்து ஏர்க்காரர் இடது கையால் சாட்டையை ஓங்கினார். களை வெட்டுகிறவர்கள், கடலை விதைக்கிறவர்கள், அவ்வளவு பேரும் ஒரட்டாங்கை. எனக்குச் சட்டென்று உறைத்தது. துணிக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம்; கண்ணாடி மாதிரி எல்லாம் மாறித் தெரிகிறது. அப்படியானால் நான்?

வந்தேன். வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒரட்டாங்கை ஊருக்கு நடுவே, சோத்தாங்கையில் கரண்டியைப் பிடித்து, லட்சணமாகக் குழம்பு ஊற்றிக்கொண்டு போனேன். சோத்தாங்கையில் கதிர் அறுத்தேன். சோத்தாங்கையில் கோலம் போட்டேன். எனக்கே என்மேல் கண்பட்டுவிட்டது.

அந்த அம்மாள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏனுங்க, உங்கூர்ல எல்லாருமே இப்படித்தானுங்களா?"

"அது நாங்க இல்லீங்க!" என்று பெரியம்மா வாயைத் திறந்தார். "படத்துல என்னமோ..."

"படம் பொய் சொல்லுமாங்க?" என்றார் அம்மாள். "உங்க பொண்ணு ஒண்ணுதான் சோத்தாங்கையில செய்யுது. இந்த ஊர்ல பொறந்தும் எப்படி வளத்தியிருக்கறீங்க!"

என் அம்மாவுக்கு எஞ்சின் டைனமோ ஒன்றும் தெரியாது. ஆனால் இது தெரியும். இருட்டில் கையை நீட்டிப் பெரியம்மாவின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "ஆமாங்க. எங்களுக்கெல்லாம் அப்படியே பழகிப்போச்சுங்க. எங்கூர்த் தண்ணி வாகு அப்படிங்க" என்றார்.

அவ்வளவுதான். சேதி முன்னும் பின்னுமாகக் குசுகுசுவென்று போய்ச் சேர்ந்துவிட்டது. படம் முடிந்து வறுத்த கடலையும் வெல்லமும் கொடுத்தபோது எங்களூர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் இடது கையால் வாங்கினார்கள்! இடது கையால் தோல் நீக்கி, இடது கையால் தின்றார்கள். பாதிக் கடலை மடியில் விழுந்தது. எழுபதைத் தொட்ட பெரியம்மா, பிறந்ததிலிருந்து பண்ணாத அந்தக் காரியத்தை எனக்காக முகம் சுளிக்காமல் பண்ணினார். நான் மட்டும் சோத்தாங்கையில் தின்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணு என்பார்கள். ஊரே ஒரே பொய்யைச் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மாளுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. பொய்வேஷம் இல்லை, கட்டிப்பிடிக்கிற கூத்து இல்லை, பாடுபடுகிறவர்களைக் காட்டியிருக்கிறான் என்றார். தன் கடலைக் காட்டையும் இப்படி எடுக்க வேண்டும் என்றும், அதற்கு வேண்டிய சுருள் எல்லாம் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். சேலத்து ஐந்து பேருக்கும் சேர்த்துக் கிடைத்த முதல் ஆதரவு அதுதான். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்கிற அன்றைக்குத் தன் சனங்களையும் கூட்டிவருவாராம். சர்க்கரை மாற்றுவதற்கு முன்னால் இந்தப் படத்தை அவர்களுக்கும் காட்ட வேண்டுமாம். "என்ற மருமகளோட கை லட்சணத்தை எல்லாரும் பாக்கோணும்" என்றார்.

அன்றைக்கு அண்ணன் எனக்கு ஒரு சேதி சொன்னான். "மாப்பிள்ளை முன்னால எங்ககூடத்தான் உக்காந்திருந்தாரு. நீ கொழம்பு ஊத்தறதை நல்லாப் பாத்தாரு. எந்தக் கைன்னும் பாத்தாரு. சிரிச்சாரு. அவங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல." அதற்குப் பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளவே எரிச்சலாக இருந்தது.

நிச்சய நாளில் பத்துப் பன்னிரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். அதே கிடங்கு, அதே வேட்டி. நாங்கள் வழக்கம்போல அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தோம். கடலை வியாபாரி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மிஷினுக்குப் பக்கத்தில், ஆம்பளைகளுக்கு முன்னால் போட்டார். "சுருளெல்லாம் வாங்கித் தர்ற மகராசி. அவிய பின்னால போய்த் தரையில உக்காரலாமுங்களா? இங்க வாங்க!" என்று அந்த அம்மாளை அழைத்துப்போய் உட்காரவைத்தார். மரியாதை தெரிந்த மனுஷராம்! அம்மா என் தோளைப் பிடித்தவள் அப்படியே பிடித்தபடி இருந்தாள்.

அண்ணன் துணி ஓரமாக ஓடிவந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "அம்மிணி, பிலிமைத் திருப்பி மாட்டிரட்டுமா? முன்னாடி இருக்கறவங்களுக்கு நீ சோத்தாங்கையாத் தெரிவே" என்றான். உள்ளதை உள்ளபடி என்று நெற்றியில் புடைப்பு வாங்கியவன்! அவனுக்குச் சுருளும் போகும், தங்கச்சியின் கல்யாணமும் போகும்.

திருப்பி மாட்டினால் பின்னால் இருக்கிற அவர்கள் வீட்டுப் பொம்பளைகளுக்கு நான் ஒரட்டாங்கை ஆவேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஒருவர் பார்க்கத்தான் போகிறார்கள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? கல்யாணம் ஆன பிறகு தினமும் அந்த வீட்டில் கரண்டி பிடிக்கப்போவது இந்தக் கைதானே. எனக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"உள்ளபடியே ஓட்டு" என்றேன். "பாக்கட்டும்."

எஞ்சின் உறுமியது. துணிக்கு மறுபுறம் அந்த அம்மாளின் முகம் தெரியவில்லை. பெரியம்மா களி தின்றார். ஏர்க்காரர் சாட்டையை ஓங்கினார். முன்னாலிருந்து பார்க்கிற அவருக்கு இந்த முறை ஊரே சோத்தாங்கையாக இருந்திருக்கும். பிறகு நான் வந்தேன். கரண்டியோடு வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டு போனேன். கதிர் அறுத்தேன்.

பிறகு நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

"என்னுங்க அம்மிணி, எந்திரிச்சுட்டீங்க?" என்று வியாபாரி பதறினார்.

"இங்கிருந்து பாத்தா எல்லாமே தப்பாத் தெரியுதுங்க" என்றார் அந்த அம்மாள், கிடங்கு முழுக்கக் கேட்கும்படி. "பொம்பளைங்க பக்கம் இருந்து பாத்தாத்தான் சரியாத் தெரியுது."

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். வழிவிட்டோம். நேராக வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். துணியில் நான் சோத்தாங்கையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

"மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, சாமி?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா, அத்தை?" என்றேன்.

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

சர்க்கரைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்த பிறகுதான் இரண்டு பேரும் போனோம்.